மூணு ஸ்டெப் பெயின்ட் கரெக்ஷன்னு சொன்னா பணம் கட்றதுக்கு முன்னாடி இத படிங்க

கோயமுத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி பக்கம் கருப்பு, கருநீலம்னு டார்க் கலர் வண்டி வெச்சிருக்கறவங்க இத ஒருக்கா படிச்சுப்போட்டு அப்பறமேட்டுக்கு ரப்பிங் பாலிஷுக்கு வண்டிய உடுங்க.

என்ற வண்டி கருநீலம். எங்கூர்ல போர் தண்ணி நெம்ப உப்பு, கழுவிட்டு காய உட்டா வெள்ளப் புள்ளி நிக்கும், அதுபோக தொடச்சு தொடச்சு வந்த சுழி கீறல் வேற, வெயில்ல நிறுத்துனா சிலந்தி வலையாட்டம் தெரியும். அவிநாசி ரோட்டுலருந்து உள்ள தள்ளி ஒரு டீடெய்லிங் கடை, மூணு ஸ்டெப் கரெக்ஷன் (கீறல மிஷின்ல மூணு படியா தேச்சு எடுக்கறது), எல்லாமே ஃபாரின் காம்பவுண்டு (பெயின்ட்ட தேய்க்கற பசை), 12,000 ரூபா, "ஷோரூம் கண்டிஷன்ல தர்றனுங்கண்ணா"ன்னாரு. எடுக்கப் போனப்ப உள்ள லைட்டுக்குக் கீழ மூஞ்சியே பாக்கலாம், அப்படி ஒரு மினுமினுப்பு.

ஆனா அங்கயே ரெண்டு விசயம் உறுத்துச்சுங்க. ஒண்ணு, காம்பவுண்ட லேபிள் இல்லாத தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தாங்க. இன்னொண்ணு, ஆணியில மாட்டியிருந்த கம்பளி பேடு பூரா நீலம். "ஏனுந் தம்பி, பேடுல கலர் ஒட்டியிருக்குது?"ன்னு கேட்டா, "அது பழைய அழுக்குங்கண்ணா, காம்பவுண்டு இழுத்துட்டு வந்துரும்"னாப்ல. பச்சப் பொய். கிளியர் கோட் (கலருக்கு மேல அடிக்கற கலரில்லாத பூச்சு) இருக்கற வண்டில பேடுல வண்டி கலரு வரவே கூடாது, வந்துச்சுன்னா மேல இருந்த கிளியர தாண்டி கலர் கோட்ல கை வெச்சாச்சுன்னு அர்த்தம். கிளியர் இல்லாத பழைய சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட்டுன்னா கலர் வர்றது சகஜம், அது வேற கத.

நாலஞ்சு வாஷ் ஆச்சு, போன கீறல் பூரா திரும்ப வந்துருச்சு. போதாததுக்கு வெயில்ல சாய்ச்சுப் பாத்தா பானட்ல வரி வரியா ஒண்ணு, நாம நகர நகர அதுவும் கூடவே நகருது. இதத்தான் ஹோலோகிராம்ங்கறாங்க. ரோட்டரி மிஷின்ல (ஒரே அச்சுல சுத்தறது) கம்பளி பேடு மாட்டி, நெம்ப வெட்டற ஹெவி கட் காம்பவுண்டு ஓட்டிட்டு, அடுத்து மெது ஃபோம் பேடுல ஃபினிஷிங் பாலிஷ் போடாம உட்டா இதுதான் வரும். அந்த வரிகள கிளேஸ்ங்கற பளபளப்புப் பூச்ச பூசி மறச்சுட்டாங்க. கிளேஸ்ல இருக்கற எண்ணெயும் ஃபில்லரும் கீறல்ல போயி உக்காந்துக்கும், ஷாம்பு போட போட கழண்டுரும். மூணு ஸ்டெப்புக்கு காசு வாங்கிட்டு நடந்தது ஒரு ஸ்டெப்பு, மேல ஒரு பூச்சு.

திருப்பூர்ல வேலை தெரிஞ்ச ஒரு தம்பிகிட்ட காட்டுனேன். பானட்ல பாதிக்கு மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால தண்ணில கலந்து அடிச்சு தொடச்சாப்ல, அந்தப் பாதில மிச்சமிருந்த கிளேஸும் போயி நெசமான பெயின்ட்டு தெரிஞ்சுது. அப்பறம் பெயின்ட் கனத்த அளக்கற திக்னஸ் மீட்டர் வெச்சாப்ல. கதவுல 115 மைக்ரான் வாக்குல காட்டுனது பானட் மடிப்பு ஓரத்துல 70. அந்த மீட்டர் மொத்த கனத்தத்தான் காட்டும், கிளியர் தனியா எவ்வளவுன்னு சொல்லாது, பிளாஸ்டிக் பம்பர்ல வேலையே செய்யாது. கிளியரே சாதாரணமா 40, 50 மைக்ரான்தான், மடிப்பு மேல எப்பவுமே கம்மி, அதனாலதான் நல்ல வேலைக்காரன் ஓரத்துக்கெல்லாம் டேப் ஒட்டிட்டுத்தான் மிஷினையே எடுப்பான். இவிய ஒட்டவே இல்லைங்க, வைப்பர் கிட்ட கருப்பு பிளாஸ்டிக்ல தெறிச்ச வெள்ளக் காம்பவுண்டு இன்னும் அப்படியே காஞ்சு கெடக்குது.

அந்தத் தம்பி சொன்ன முற இதுதான்: கழுவி, கிளே பார் (ஒட்டியிருக்கற அழுக்க எடுக்கற களிமண்ணு மாதிரி கட்டி) போட்டு, ஒரு சின்ன எடத்துல டெஸ்ட் ஸ்பாட். மொதல்ல மெதுவான பாலிஷ், டிஏ மிஷின் (சுத்திக்கிட்டே ஆடற மிஷினு), அதுல போகலைன்னாதான் ஒருபடி ஏத்தி கட்டிங் காம்பவுண்டு, எடுத்தவுடனே ஹெவி கட்டு கெடையாது. மெகுயர்ஸ்ங்கற பாலிஷ் கம்பெனியில 105 வெட்டறதுக்கு, 205 ஃபினிஷிங்குக்கு, மத்த கம்பெனியிலயும் இந்த மாதிரி படி இருக்குது, அதனால பாட்டில லேபிளோட காட்டச் சொல்லி கேளுங்க. பேனல் சூடா இருக்கறப்ப ஓட்டவே கூடாது. நகம் மாட்டற அளவு ஆழமான கீறல காம்பவுண்டுல எடுக்கறேன்னு எவனாச்சும் சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. வேல முடிஞ்சதும் ஆல்கஹால் போட்டு தொடச்சு, வெளிய வெயில்ல நிறுத்தி காட்டச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல கெட்டியா ஒட்டற பாதுகாப்புப் பூச்சு) போட உட்றாதீங்க, கோட்டிங்குக்கு அடில மாட்டுன ஹோலோகிராம எடுக்கோணும்னா கோட்டிங்கயும் சேத்துத்தான் ராவோணும்.

பில்ல எடுத்துட்டு கடைக்குப் போனேன். காசு தர மாட்டாராமா, "இன்னொருக்கா ஃப்ரீயா பாலிஷ் போட்டுத் தர்றனுங்கண்ணா"ன்னாரு. இருக்கற மிச்ச கிளியரையும் உருவறதுக்கா! வேண்டாம்னுட்டேன். திருப்பூர் தம்பிகிட்ட கேட்டா, பானட்ட ரீபெயின்ட் பண்றத தவிர வழியில்லையாமா, கதவும் டிக்கியும் டிஏ மிஷின்ல ஃபினிஷிங் பாலிஷ் மட்டும் போட்டா சரியாயிருமாமா. அந்த வேல திருப்பூர்லயே நடக்குது.