வேப்பெண்ணெய் என்று சொல்லி என்னத்தையோ அடித்துவிட்டுப் போனான்: வீட்டில் செடி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

தைப்பூசம் முடிந்த வாரம் நடந்தது இது. பினாங்கில் அந்தச் சமயத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை எட்டிப் பார்க்காது. காலையில் நனைத்த தொட்டி மண் மதியத்துக்குள் காய்ந்து ஓரம் விட்டுவிடும். பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலில் எட்டு வருடக் கறிவேப்பிலை மரம் ஒன்று நிற்கிறது. தொட்டிகளில் மிளகாய், கத்தரி, வெண்டை, ஓர் எலுமிச்சை. அவ்வளவுதான் என் தோட்டம். ஆனாலும் எங்கள் வரிசையில் பாதி வீடுகளுக்குக் கறிவேப்பிலை இங்கிருந்துதான் போகும்.

கறிவேப்பிலைக் கொழுந்திலும் கத்தரி இலைக்கு அடியிலும் மாவுப்பூச்சி வந்திருந்தது. பஞ்சைக் கிள்ளி ஒட்டவைத்தது போல அடை அடையாக. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். மூன்றே நாளில் திரும்ப வந்தது. அந்த நேரம் பார்த்து வாட்ஸாப் குழு ஒன்றில் விளம்பரம்: “வீட்டுக்கே வந்து இயற்கை மருந்து அடித்துத் தரப்படும்.” தமிழில் போட்டிருந்தான். நம்ம பையன்தானே என்று கூப்பிட்டேன். அடிக்க 150 வெள்ளி (ரிங்கிட்), பிறகு நானே அடித்துக்கொள்ள இரண்டு பாட்டில் 80 வெள்ளி. மொத்தம் 230.

காலை பதினொன்றரைக்கு வந்தான். சுட்டெரிக்கிற நேரம். முகமூடி இல்லை, கையுறை இல்லை. லேபிளைக் கிழித்த மினரல் வாட்டர் பாட்டிலில் இருந்து இரண்டு மூடி ஊற்றினான். தண்ணீர் உடனே பால் போல வெளுத்தது.

“என்னப்பா, வேப்பெண்ணெய் வாசமே வரலையே?”

“ரீஃபைன் பண்ணுனது கா. நாத்தம் எடுத்துட்டோம். இன்னைக்கே பறிச்சுக் கழுவிட்டு சமைக்கலாம், ஒன்னும் ஆகாது லா.”

அடித்து ஐந்து நிமிடம்கூட இல்லை, தண்டில் சாரை போட்ட எறும்பெல்லாம் மல்லாந்து விழுந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தால் ஓர் ஈ எறும்பு அசையவில்லை. எனக்கு என்ன சந்தோஷம்! போனில் கியூஆர் காட்டினான், பணத்தைத் தட்டிவிட்டேன். ரசீது கேட்கவில்லை. அது என் புத்தி.

மறுநாள் மீன் குழம்புக்கு அந்தக் கறிவேப்பிலையைத்தான் பறித்துப் போட்டேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. எலுமிச்சையில் பூ மொத்தமும் கொட்டியது. தொட்டியைச் சுற்றிப் பெருக்கும்போதுதான் பார்த்தேன், எறும்புகளோடு சேர்த்துப் பொறிவண்டுகளும் காய்ந்து கிடந்தன.

எதிர்வீட்டுப் பெரியம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் மருந்து அடித்தவர். மருந்துத் தொட்டியைச் சுமந்த தோள் இன்னமும் ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். பாட்டிலைத் திறந்து, முகத்துக்கு அருகில் கொண்டுபோகாமல், கையால் விசிறி வாசம் பார்த்தார். “வேப்பெண்ணெயா? யாரு சொன்னா? மூடு, மூடு. இது தோட்டத்து மருந்து வாடை.” பிறகு, “இலையப் பறிச்சியா?” என்றார். நான் குழம்பைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை.

பயந்துபோய் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்துக்கு அழைத்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். லேபிளே இல்லையே, எதைப் படிப்பது? நல்ல வேளை, வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிச்சக் குழம்பைச் சட்டியோடு எறிந்தேன்.

எந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்து நான் மகிழ்ந்தேனோ, அதிலேயே குட்டு உடைந்திருக்க வேண்டும். வேப்பெண்ணெய் அப்படி வேலை செய்யாது. பூச்சிக்குத் தீனி பிடிக்காமல் போகும், தோல் உரிக்க முடியாமல் தடுமாறும், இப்படி மெல்ல மெல்லத்தான் குறையும். நாள் கணக்கு ஆகும். நல்ல வேப்பெண்ணெய் மூக்கைத் துளைக்கும், சோப்புக் கரைசல் சேர்க்காமல் தண்ணீரில் கலக்காது, மேலே மிதக்கும். சோப்பு சேர்த்தே விற்கும் தயாரிப்பும் உண்டு, அது வெளுக்கும்தான். ஆனால் வாசமும் இல்லை, உடனே செத்தும் விழுகிறது என்றால் அது வேறு சரக்கு.

மாவுப்பூச்சி போனதா என்றால், போனது. மூன்று வாரத்தில் கத்தரி, மிளகாய் இலையெல்லாம் வெளிறி, மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக ஆனது, இலைக்கடியில் மெல்லிய வலை. செஞ்சிலந்தி. வெயிலும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். அதைத் தின்னும் நல்ல பூச்சிகளை எல்லாம் நான் காசு கொடுத்துக் கொன்றிருந்தேன். இரண்டு கத்தரியைப் பிடுங்கிப் போட்டேன். மற்றவற்றுக்குத் தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் பைப் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன், மெல்லக் குறைந்தது. மாவுப்பூச்சிக்கும் முதலில் எறும்பை நிறுத்த வேண்டுமாம். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பே அதைக் காவல் காக்கிறது. எண்ணெய் மருந்து எதுவானாலும் வெயில் சாய்ந்த பிறகுதான். உச்சி வெயிலில் அடித்தால் இலை பொரிந்துவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம். நானும் பாரத்தை எடுத்து வைத்தேன். எதிர்த்தரப்பின் பெயர், முகவரி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்னிடம் இருந்தது ஒரு செல்லப்பெயரும், அடைத்துப்போட்ட ஒரு போன் நம்பரும்தான். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இங்கே விற்கும் எந்த மருந்துக்கும் பதிவு எண் இருக்க வேண்டும், எல்.ஆர்.எம்.பி. (பூச்சிக்கொல்லி வாரியத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம்) என்று தொடங்கி லேபிளிலேயே அச்சடித்திருக்கும். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதில்தான் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருபவனிடம் இதில் ஒன்றும் இருக்காது. இதெல்லாம் பிறகு தேடித் தெரிந்துகொண்டது.

பிரிக்காத இரண்டாவது பாட்டில் பின்பக்கம், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிடக்கிறது. சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. போன வாரம் இன்னொரு குழுவில் அதே படம், அதே வாசகம், வேறு பெயர், வேறு நம்பர். பாட்டில் விலை மட்டும் 45 வெள்ளி ஆகியிருக்கிறது.