ரயிலில் பீர் என்று டிக்கெட் விற்கிறார்கள், பணம் கட்டாதீர்கள்

மதுரையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகம் ‘மலை ரயிலில் பீர் சுவைப் பயணம்’ என்று சொல்லி ஆளுக்கு 6,500 ரூபாய் வாங்குகிறது. தனிப் பெட்டி, நான்கு வகை பீர், ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்ல ஓர் ஆள், செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மலைப்பாதை என்றெல்லாம் துண்டறிக்கையில் அச்சடித்திருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சானும் நானும் பணம் கட்டினோம்.

வேனில் செங்கோட்டைக்கு அழைத்துப்போய், சாதாரணப் பயணிகள் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். உட்கார இடமில்லை. ஆரியங்காவு தாண்டியதும், கூட வந்த பையன் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பீரை நீட்டி, “மறைத்துக் குடியுங்கள் சார், போலீஸ் வரும்” என்றான். எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். எனக்கு உடம்பே கூசியது. மச்சான் கையால்கூடத் தொடவில்லை. 1904-இல் திறந்த தடம் அது. அதன் பதிமூன்று கண் பாலத்தை நின்று பார்க்க ஆசைப்பட்டு வந்தவர், முன்னால் நின்றவர்களின் தலைகளைத்தான் பார்த்தார்.

ரயிலில் போதையில் இருந்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-ஆவது பிரிவுப்படி இறக்கிவிடலாம், டிக்கெட் பறிபோகும், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. மாட்டிக்கொண்டால் உள்ளே போவது நாம்தான், டிராவல்ஸ்காரர் அல்ல.

திரும்பி வந்து கேட்டோம். “மகாராஜா எக்ஸ்பிரஸில் பார் இல்லையா?” என்றார் உரிமையாளர். இருக்கிறது. அது ரயில்வேயின் சுற்றுலா, டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசி நடத்தும் சொகுசு ரயில். மச்சான் பயணம் செய்த, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள வாட்டர்கிரெஸ் லைன் என்ற பாரம்பரிய ரயில் பாதையிலும் ‘ரியல் ஏல் டிரெயின்’ என்ற பீர் ரயில் ஓடுகிறது. அங்கே ஆல்டனுக்கும் ஆல்ரெஸ்ஃபோர்டுக்கும் இடையிலான பத்து மைல் தடத்தில் ரயிலை ஓட்டுவதும் அவர்களே, பீர் விற்பதும் அவர்களே. இந்த டிராவல்ஸ்காரரிடம் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. பெட்டியோ ரயில்வேயுடையது.

“தனிப் பெட்டி எடுத்தால் உள்ளே எதையும் கொண்டுபோகலாம்” என்றும் சொன்னார். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் அப்படித் தனியாக எடுத்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர்தான் காரணம். இதே ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படிப் பேசுவதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. ரசீதில் ‘சுற்றுலாச் சேவைக் கட்டணம்’ என்று மட்டுமே இருக்கிறது. பீர் என்றோ தனிப் பெட்டி என்றோ ஒரு சொல்லும் இல்லை. யாராவது தனிப் பெட்டி என்று சொன்னால், ஐஆர்சிடிசி முன்பதிவு ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதோடு துண்டறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். வாக்குறுதி முழுவதும் அதில்தான் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. நாங்கள் கொடுத்துவிட்டோம்.