கட்டி சார்க் மாடல்: கட்டி முடித்துச் சில வருடங்கள் ஆன பிறகு

மரக் கிட் வாங்கிப் பாய்மரக் கப்பல் கட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் பேசுவது கப்பலின் கயிறுகளாகக் கட்டும் நூலைப் பற்றித்தான். பலகை வளைப்பது, ஒட்டுவது எல்லாம் செய்யச் செய்யக் கை வந்துவிடும். ஆனால் முடித்து ஹாலில் வைத்த பிறகு கப்பல் எப்படி வயதாகும் என்பதை முடிவு செய்வது நூலும் கண்ணாடிப் பெட்டியும்தான். சென்னையில் கடலுக்குப் பக்கத்தில், ஏசி இல்லாத அறையில் கட்டி சார்க் (Cutty Sark) என்ற பழைய பாய்மரக் கப்பலின் மாடல் ஒன்றை வைத்திருக்கும் அனுபவத்தில் சொல்கிறேன்.

கட்டி சார்க் 1869-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்டது. சீனத் தேயிலையை லண்டனுக்கு விரைந்து கொண்டுசேர்ப்பதற்கென்றே மெலிந்த உடம்போடு செய்தார்கள். அதே வருடம் சூயஸ் கால்வாய் திறந்தது. தேயிலை கொஞ்சம் கொஞ்சமாக நீராவிக் கப்பல்களின் கைக்குப் போனது. கட்டி சார்க் வேகத்துக்குப் பேர் வாங்கியது பின்னால் ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றிய வருடங்களில். இன்று லண்டன் கிரீனிச்சில் நிற்கிறது. என் மாடல் 1:84 அளவு. உடம்பு மட்டும் 77 சென்டிமீட்டர். முன்னால் நீண்டிருக்கும் கழியையும் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தொடும். அலமாரியை அளந்துவிட்டு வாங்குங்கள்.

உடம்பு கட்டுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஏராவில், அதாவது அடியில் முதுகெலும்பு போல நீளும் கட்டையில், பிளைவுட் தடுப்புகளைச் செருகி, மேலே இரண்டு அடுக்காக மெல்லிய பட்டைகளை ஒட்ட வேண்டும். இந்தக் கப்பலுக்கு மேல்பாதி கருப்பு பெயிண்ட், கீழ்ப்பாதி உலோகத் தகடு. பட்டைகளுக்கு இடையே இடுக்கு விழுந்தாலும் பட்டி பார்த்துத் தேய்த்துவிடலாம். நம் ஈரக் காற்றில் சூப்பர் குளூ மிக வேகமாகப் பிடிக்கும், சுற்றிலும் வெள்ளைப் படலமும் விடும். வெளியே தெரியும் இடங்களில் வெள்ளைப் பசைதான் நல்லது. அடித்தகட்டில் ஒரு விஷயம்: பல மாடல்களில் பளபளக்கும் செம்பு ஒட்டியிருப்பார்கள். நிஜக் கப்பலில் இருந்தது முன்ட்ஸ் உலோகம், அதாவது சுமார் 60 சதவீதம் செம்பு, 40 சதவீதம் துத்தநாகம். அதன் நிறம் பித்தளையை ஒட்டிய மஞ்சள். நான் பித்தளைத் தகடு தேடி ஒட்டினேன். வருடங்கள் போகப் போக அது கொஞ்சம் மங்கி, இன்னும் அழகாகியிருக்கிறது.

இனி நூல். நிஜக் கப்பலில் கயிறுகளின் மொத்த நீளம் சுமார் 11 மைல் என்பார்கள். மாடலிலும் பாதிக்கு மேல் வேலை அதில்தான். பின் பாய்மரத்தில் தொடங்கினேன். கிட்டோடு வந்த பருத்தி நூல் அதோடு தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டு பாய்மரங்களுக்கும் தையல் கடையில் பாலியஸ்டர் நூல் வாங்கி, மூன்று இழைகளாக முறுக்கிக் கயிறு செய்துகொண்டேன். அதனால் ஒரே கப்பலில் இரண்டு நூலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மழைக்காலத்தில் பருத்தி ஈரம் குடித்துச் சுருங்கி, பின் பாய்மரத்தின் உச்சியை லேசாகப் பின்னால் இழுக்கிறது. மே மாதத்தில் அதே கயிறுகள் தொய்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் பருத்தியின் பிசிறில் தூசி ஒட்டிச் சாம்பல் பூத்திருக்கும். பாலியஸ்டர் கட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது. கிட் நூலை அப்படியே ஒதுக்கிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

பாலியஸ்டரில் கவனிக்க வேண்டியவை உண்டு. மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சட்டென்று ஓட்டி எடுத்தால் பிசிறு கருகிப் போகும். நிறுத்தினால் நூலே உருகிவிடும். தேன்மெழுகைத் தொட்டும் தொடாமலும் தடவினால் மினுமினுப்பு அடங்கும், அதிகமானால் தூசியைப் பிடிக்கும். முடிச்சுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு போதும். சூப்பர் குளூ வைத்தால் நூல் விறைத்து, பின்னால் அந்த இடத்திலேயே முறியும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி போலக் கட்டும் கயிறுகளுக்கு இடைவெளி சுமார் 4 மில்லிமீட்டர். கோடு போட்ட தாளைப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். ஓரங்களில் சுருக்கும் நடுவில் குளோவ் ஹிட்ச் என்ற இரட்டைச் சுற்று முடிச்சும் போட்டு வரும்போது நூலை இழுத்தால் பெரிய கயிறுகள் உள்ளே வளைந்துவிடும். தளர்வாகப் போட்டு, பிறகு பசை வைத்து நிறுத்த வேண்டும்.

கிட்டில் வரும் பாய்த்துணியை நான் போடவில்லை. 0.2 மில்லிமீட்டர் துணிகூட இந்த அளவில் நிஜத்துக்கு 17 மில்லிமீட்டர் கனம். போர்வை தொங்குவது போல் இருக்கும். பாய் வேண்டுமென்றால் மெல்லிய டிஷ்யூ தாளைச் சுருட்டி, பாய்மரத்தில் குறுக்கே நிற்கும் பருமல் கழியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

பெட்டி இல்லாமல் கப்பலை ஒரு மாதம்கூட வெளியே வைக்காதீர்கள். கயிறுகளுக்கு நடுவே படியும் தூசியை எந்த பிரஷ்ஷாலும் முழுசாக எடுக்க முடியாது. அதற்காகக் காற்றுப் புகாமல் சீல் செய்யவும் கூடாது. மரமும் வெள்ளைப் பசையும் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். நங்கூரம் போன்ற ஈயம் கலந்த வார்ப்புப் பாகங்கள் அதில் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். பழைய மாடல்கள் வைத்திருக்கும் மியூசியங்களுக்கே இது பெரிய தலைவலி. என் பெட்டியில் பின்பக்கம் கீழும் மேலும் துளை போட்டு, மெல்லிய வலைத்துணி ஒட்டியிருக்கிறேன். கிட்டில் வந்த நங்கூரத்தின் மடிப்புகளில் பொடி தெரிந்ததும் பித்தளையில் மாற்றிவிட்டேன். அக்ரிலிக் இலேசு, ஆனால் துடைத்தால் கீறும், தூசியையும் இழுக்கும். இடமும் தாங்கும் மேசையும் இருந்தால் கண்ணாடி மேல்.

கருவிகளில் காசைக் கொட்ட வேண்டாம். வளைந்த முனை ட்வீசர் இரண்டு, கைத் துளைப்பான், 11-ஆம் எண் பிளேடு, தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி போதும். மிச்சப் பணம் கப்பிகளுக்கும் பெட்டிக்கும் போகட்டும். கயிற்று வேலை தனக்குப் பிடிக்குமா என்று இன்னும் தெரியாதவர்கள் மூன்று பாய்மரக் கப்பலில் இறங்காமல், கட்டர் என்ற ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல் ஒன்றை முதலில் எடுக்கலாம். முடிச்சுகள் அதேதான், எண்ணிக்கைதான் குறைவு.