நாடி முடிக்கு லேசர் பக்கேஜ் எடுக்க முன் இதை வாசியுங்கள்

காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கம் ஒரு அழகு நிலையம். பெயர் எழுதவில்லை. நாடியிலும் மேலுதட்டிலும் தடித்த முடி என்று போனேன். வெள்ளைக் கோட் போட்ட ஒருவர், "ஒரு பக்கேஜ் எடுத்தால் வாழ்நாளுக்கும் வராது மிஸ்" என்று முழுக் காசையும் முன்கூட்டியே வாங்கினார். அவர் டொக்டர் இல்லை, விற்பனைப் பிரிவு என்பது பிறகுதான் தெரிந்தது.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே, இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும் என்றேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை." என் பின்கழுத்துக் கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, அதை வெளுக்க வைக்க இன்னொரு பக்கேஜ் விற்றார்கள்!

முடி முதலில் குறைந்தது. அப்புறம், பூனைமுடி மட்டும் இருந்த கன்னத்தில் கறுத்து வளரத் தொடங்கியது. லேசருக்குப் பிறகு சிலருக்கு, அதுவும் நம்மைப் போன்ற நிறக்காரருக்கு முகத்தில், இப்படி ஆவதுண்டாம். முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? காசைத் திருப்பிக் கேட்டால் ஆங்கிலப் படிவத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே மாதவிடாய் பற்றி. அடுத்தது, வீட்டில் யாருக்குச் சலரோகம். கழுத்தைப் பார்த்ததும், "இது ஊத்தை இல்லை பிள்ளை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை" என்றார். பெண்களுக்கு இப்படி முடி வளர மிகப் பொதுவான காரணம் பி.சி.ஓ.எஸ்., அதாவது ஹோமோன் குழம்பி மாதவிடாய் தள்ளிப்போகும் நிலை; இன்சுலின் கோளாறும் அதோடு சேர்ந்து வருவதுண்டு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கத் தந்து, 2 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சரியாக இருந்த சீனி இதில் கூடியிருந்தது. இன்னும் சலரோகம் ஆகவில்லை, ஆனால் கிட்ட நிற்கிறேன். பிரஷர், கொலஸ்ட்ரோலும் பார்த்தார்கள். 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை சீனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதவிடாய் நீண்ட நாள் வராமல் விட்டால் கருப்பையின் உட்படலம் தடிக்கும், அதற்கும் மருந்து உண்டு.

லேசரே கூடாது என்றில்லை. ஹோமோனுக்கும் மருந்து எடுத்துக்கொண்டு, கறுத்த தோலுக்குப் பொருந்தும் என்டி யாக் என்ற வகை லேசர் மெஷினில் செய்தால் பலன் இருக்கும் என்றார் அதே டொக்டர். எந்த மெஷின், பொறுப்பான டொக்டர் யார் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு செய்திருக்கிறேன். பில்களை எறிந்துவிடாதீர்கள்.