அம்லோடிபினா, எனலாபிரிலா, லோசார்ட்டனா?

ரங்கூன் மருந்துக் கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். கத்தரி ஓடிய இடத்தில் பெயர் போய், ‘5’ மட்டும் மிஞ்சும். அம்லோடிபினிலும் 5 மில்லிகிராம் உண்டு, எனலாபிரிலிலும் உண்டு. இரண்டும் பிரஷர் மாத்திரைதான், ஆனால் ஒன்று தீர்ந்தால் மற்றொன்றைப் போட்டுக்கொள்ள முடியாது.

அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. இதற்கென்று தனியாக ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. லேப் எட்டாத ஊர்க்காரருக்கு முதல் மாத்திரையாக இதுவே தோது. உடம்பில் நெடுநேரம் தங்குவதால் ஒருநாள் மறந்தாலும் பிரஷர் எகிறிவிடாது. முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்றாம் நாளே அளந்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று அளவைக் கூட்டுவதுதான் வழக்கமான தப்பு.

இதன் குறை கால் வீக்கம். சாயங்காலம் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். வீக்கம் இருந்தால் குழி அப்படியே நிற்கும். 5-இல் குறைவு, 10-இல் அதிகம். நுண்குழாய்க் கசிவால் வரும் வீக்கம் என்பதால் சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரைக்கு வடியாது. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது கீழே சொல்லும் பிரில், சார்ட்டன் வகைகளில் ஒன்றைச் சேர்ப்பார். மூச்சு வாங்கலும் சேர்ந்திருந்தால் இதயத்தைப் பார்க்கவேண்டும்.

பிரில் வகையைச் சேர்ந்த எனலாபிரிலும் சார்ட்டன் வகையைச் சேர்ந்த லோசார்ட்டனும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளைப் பிடிப்பவை. குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதை முன்னது குறைக்கும். உருவானது வேலை செய்யாமல் பின்னது தடுக்கும். சர்க்கரை நோயோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் போகிறவருக்கு அம்லோடிபினைவிட இவையே மேல், சிறுநீரகத்தைக் காக்கும். தொடங்குமுன் ஒருமுறை, ஓரிரு வாரம் கழித்து ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரக வேலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்க்கவேண்டும். கர்ப்பிணிக்கு இரண்டும் ஆகாது.

எனலாபிரில் சிலருக்குத் தொண்டையில் அரிப்பெடுத்து வறட்டு இருமலைக் கிளப்பும். மாத்திரைதான் காரணம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் சிரப் குடிப்பவர்கள் உண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் நாலு வாரத்துக்குள் போய்விடும். பதிலுக்கு லோசார்ட்டன் 50 அல்லது டெல்மிசார்ட்டன் 40 எழுதுவார்கள். உதடு, நாக்கு வீங்கினால் அடுத்த வேளை போடாமல் உடனே ஆஸ்பத்திரி. பிரிலையும் சார்ட்டனையும் சேர்த்து மட்டும் போடாதீர்கள். டெல்மிசார்ட்டன் ஈரத்தை இழுக்கும்; மோல்மீன் மழைக்காலத்தில் முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டுவைத்தால் கெட்டுவிடும். போடும்போதுதான் பிரிக்கவேண்டும்.

நாப்பி என்ற உப்பு மீன் விழுதும் கருவாடும் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் நீர் மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 முதல் 25 மில்லிகிராம், காலையில். ராத்திரி போட்டால் தூக்கம் போச்சு. யூரிக் அமிலத்தைக் கூட்டுவதால் கவுட் என்ற கீல்வாதம் உள்ளவருக்கு ஒத்துவராது. வயதானவர் திடீரென்று தடுமாறிப் பேசினால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தால் நீர் மாத்திரை, பிரில், சார்ட்டன் எதுவானாலும் சரியாகும்வரை நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரைக் கேட்கவேண்டும். நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தைப் படுத்தும்.

அட்டெனலால் மாத்திரை, பிரஷரோடு நெஞ்சுவலி, படபடப்பு போன்ற இதயக் கோளாறும் இருந்தால் சரி. வெறும் பிரஷருக்கு முதல் தேர்வு அல்ல. ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து. திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ஒன்று போதாதபோது அம்லோடிபின் 5-ஐ 10 ஆக்குவதைவிட, 5-ஓடு இன்னொரு வகையைச் சிறு அளவில் சேர்ப்பதே எங்கள் கட்சி. பிரஷர் கூடுதலாக இறங்கும், கால் வீக்கமும் குறைவு.

எதைப் போட்டும் இறங்கவில்லையா? முட்டிவலிக்குக் கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அதில் டைக்ளோஃபெனாக்கோ ஸ்டீராய்டோ இருந்தால் அதுவே பிரஷரை ஏற்றிக்கொண்டிருக்கும்.