நாயா, கேமராவா, ஜிபிஎஸ் பட்டையா, உடம்புக் குறியா: கால்நடைத் திருட்டைத் தடுக்க எது உதவும்?

ஆட்டைத் திருடுவதும் மாட்டைத் திருடுவதும் ஒரே வேலை இல்லை. ஆட்டின் வாயைப் பொத்தித் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஆள் வேலியைத் தாண்டிவிடலாம். மாட்டுக்கு வண்டி வேண்டும், ஏற்றுவதற்கு ஒரு மேடோ பலகையோ வேண்டும், இரண்டு மூன்று பேராவது வேண்டும். எதை வாங்கலாம் என்று கிளம்பும் முன் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பலர் முதலில் போவது சிசிடிவி கேமராவுக்கு. அது திருட்டைத் தடுப்பதைவிட, நடந்ததைக் காட்டுவதுதான் அதிகம். சாதாரண இரவுக் கேமராவில் இருபது முப்பது மீட்டர் தாண்டினால் உருவம் தெரியும், முகம் தெரியாது. அசைவைக் கண்டால் போனுக்குத் தகவல் அனுப்பும் வசதி வீட்டு வாசலுக்குச் சரி, ஆனால் தொழுவத்தில் மாடு வாலை ஆட்டினாலும் அது அடிக்கும், மூன்றாம் நாளே அந்தச் சத்தத்தை அணைத்து வைத்துவிடுவோம். கேமராதான் வேண்டும் என்றால் தொழுவத்தை விட்டுவிட்டு வண்டி வரும் பாதையைப் பார்த்து, நம்பர் பலகை படிக்கும்படி தாழ்வாக வையுங்கள். பதிவாகும் பெட்டியைத் தொழுவத்திலேயே வைக்காதீர்கள், அதையும் சேர்த்துத் தூக்கிப் போய்விடுவார்கள்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு நான் நாயைத்தான் சொல்வேன். திருட்டு நடக்கும் அந்த நிமிஷத்திலேயே சத்தம் போடுவது அது. குட்டியிலிருந்தே பட்டிக்குள் ஆடுகளோடு வளர்ந்த நாய் மந்தையைத் தன் கூட்டமாகவே நினைக்கும். வீட்டுத் திண்ணையில் வளர்ந்ததைக் கொண்டுபோய்ப் பட்டியில் கட்டினால் அந்த ஒட்டுதல் வராது. நாயின் பலவீனமும் தெரிந்ததுதான்: விஷம் வைத்த இறைச்சியை வீசிவிடுவார்கள், அல்லது வருபவன் அதற்கு ஏற்கெனவே பழகிய ஆளாக இருப்பான். அதனால் இரண்டு நாய், அதில் ஒன்றாவது வெளியிலிருந்து எதுவும் எட்டாத இடத்தில். கூஸ் என்னும் பெரிய வாத்தும் கின்னிக்கோழியும்கூட அந்நியரைக் கண்டால் ஊரைக் கூட்டும், ஆனால் காற்றுக்கும் கத்தும் என்பதால் நாய்க்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை. இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். காது வில்லையிலோ (காதில் குத்தும் அடையாளத் தகடு) தோலுக்கடியிலோ வழக்கமாக வைக்கும் சிப், மாடு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அதற்குள் பேட்டரியே கிடையாது, ரீடரை மிக அருகில் கொண்டுபோனால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். இடத்தைச் சொல்வது பட்டை போன்ற ஜிபிஎஸ் உள்ள கருவிதான். அதற்கு சிக்னல் வேண்டும், சார்ஜ் வேண்டும், அடிக்கடி இடத்தைக் கேட்கக் கேட்க பேட்டரி சீக்கிரம் இறங்கும். பட்டையைப் பார்த்ததும் அறுத்து எறிவது திருடனுக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனாலும் எல்லையைத் தாண்டினால் உடனே எச்சரிக்கும் வகை, தொலைவில் மேயும் பெரிய மந்தைக்கு நிச்சயம் உதவும், முன்னால் நடக்கும் மாடுகளுக்கு மட்டும் போட்டால்கூட.

என் மனதுக்கு மிக முக்கியம் உடம்பிலேயே இருக்கும் அடையாளம். திருடு போன மாட்டைக் கண்ணால் பார்த்த பிறகும், அது என்னுடையதுதான் என்று நிரூபிக்க முடியாமல் நிற்பதைப் போல வேதனை வேறில்லை. காது வில்லையை அறுத்துவிடலாம். குளிர்ச்சூட்டை அறுக்க முடியாது. திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில், குளிர வைத்த உலோக அச்சைத் தோலில் அழுத்தினால் முடிக்கு நிறம் தரும் செல்கள் செத்துப்போய், அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். வெள்ளை மாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் அழுத்துவார்கள், அங்கே முடியே முளைக்காது. பழுக்கக் காய்ச்சிய சூட்டைவிட வலியும் தோல் சேதமும் குறைவு. தூரத்திலிருந்தே தெரிவதால் திருடனும் யோசிப்பான். பயிற்சி உள்ளவர்தான் செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: மாட்டின் மூக்கு ரேகை நம் கைரேகையைப் போல ஒவ்வொன்றுக்கும் தனி. மூக்கின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று போனில் தெளிவாகப் படம் எடுத்து, கொம்பு, மச்சம், தழும்பு, இரண்டு பக்க உடம்பு எல்லாம் தனித்தனியாக எடுத்து, வேறொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். ஆட்டுக்கு காதின் உட்புறம் பச்சை குத்துவது நிலையானது.

பூட்டைப் பற்றி ஒன்று மட்டும். பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கதவைக் கீலோடு மேலே தூக்கிக் கழற்ற முடிந்தால் பயனில்லை. மேல் கீலின் முளையைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள். மாடு ஏற்றும் மேடு சாலையோரமாக இருந்தால் உள்ளே தள்ளிப் போடுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் மாட்டுக்கு கதவும் குளிர்ச்சூடும், ஆட்டுக்கு நாய். ஜிபிஎஸ் அதற்கு அப்புறம், கேமரா கடைசி. இவை எதற்கும் முன்னால், காசே இல்லாமல், தினமும் தலை எண்ணுங்கள், அதுவும் ஒரே நேரத்தில் போகாமல் மாற்றி மாற்றி. நான்கு நாள் கழித்துத் தெரிந்தால் அதற்குள் மாடு எத்தனை கை மாறியிருக்கும்!

ராத்திரி நாய் குரைத்து வண்டிச் சத்தமும் கேட்டால் தயவுசெய்து தனியாக வெளியே ஓடாதீர்கள். விளக்கைப் போடுங்கள், போலீஸுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் போன் செய்யுங்கள், வண்டி எந்தத் திசையில் போகிறது என்று ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.