களியக்காவிளை மருந்துக்கடை: அஞ்சுக்கு நாலு

களியக்காவிளையிலிருந்து பாறசாலை போகிற ரோட்டில் இருக்கிற சின்ன மருந்துக்கடை இது. ஏழு மாதமாக, மனநலத்துக்காகச் சாப்பிடுகிற என் லித்தியம் மாத்திரையை இங்கேதான் வாங்குகிறேன். ஏத்தன் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குப் போகிற வழியில் வாங்கிவிடலாம்.

முன்பு வாங்கிய கடையைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். சீட்டை நீட்டியதும் அங்கே பையன் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு அண்ணே?" என்பான். மாத்திரையைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்குமேல் கருப்புக் கவர். தலைக்கு மேலே டிவியில் காமெடி ஓடும்: ஒருத்தன் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓட, டாக்டர் கரண்ட் வயரோடு துரத்துவார். மயக்க மருந்து கொடுக்காமல் ஷாக் வைக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது; காமெடிக்காரர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது! எல்லையோரம் என்பதால் எங்களுக்கு வசவும் இரட்டை. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ப் பெயரே வசவு: தமிழில் சென்னையின் 'கீழ்ப்பாக்கம்', மலையாளத்தில் திருவனந்தபுரத்தின் 'ஊளம்பாறை'.

புதுக் கடைக்கு முதலில் போனபோது முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபனும் கேட்டேன். கவுன்ட்டர் அக்கா சீட்டைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னார்: "லித்தியம் சாப்பிடுறப்ப இது வேண்டாம் அண்ணா. ரத்தத்துல லித்தியம் ஏறிரும். பாரசிட்டமால் தாரேன். லெவல் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்னால் நாலு பேர். மெதுவாகத் திரும்பினேன். ஒருவர் செல்போனில் இருந்தார், இன்னொருவர் இருமிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. பழைய கடையில் அந்தப் பையன் குசுகுசுத்ததால்தான் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள் என்பது வண்டியில் ஏறின பிறகுதான் உறைத்தது.

ஒருநாள் வரிசையில் நின்ற பெரியவர், "ஊளம்பாறை மருந்தா?" என்று சிரித்தார். அக்கா நிமிரவேயில்லை. "உங்க பிரஷர் மாத்திரைக்கு அடுத்த தட்டுலதான் இருக்கு மாமா. ரெண்டையும் சேர்த்து எடுக்கவா?" அவர் கப்சிப்.

வெயில் காலத்தில், "லோடு இறக்கி வேர்க்குமே, தண்ணி குடிக்கணும்" என்று ஞாபகப்படுத்துவார். வேர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் லித்தியம் ஏறும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. மினி லாரி நிறுத்த இடம் இல்லை. 500 ரூபாய்க்குச் சில்லறை கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஞாயிறு மதியத்தோடு பூட்டிவிடுகிறார்கள். அதனால் எனக்கு ஒருநாள் மாத்திரை விட்டுப்போனது. சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.